ஸ்பானிஷும் வரலாறும் ஒரே பட்டத்தில்: எடுக்கலாமா?

கேள்வி இதுதான். பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் ஒருவருக்கு வரலாறு பிடிக்கும், ஸ்பானிஷ் மீதும் ஆசை இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே பட்டமாகத் தரும் பல்கலைக்கழகங்களைப் பார்த்து வைத்திருக்கிறார். அப்படிச் சேர்ந்தால் இரண்டிலும் அரைகுறையாகிவிடுமா, ஸ்பானிஷ் சுத்தமாகத் தெரியாமல் தொடங்க முடியுமா, முடித்தபிறகு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கிறார்.

அரைகுறையாகும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. மொழித்துறை ஒரு கட்டடத்தில், வரலாற்றுத்துறை இன்னொரு கட்டடத்தில். இங்கே வினைச்சொல் வடிவங்கள், அங்கே பிரெஞ்சுப் புரட்சி. இரு துறை ஆசிரியர்களும் சந்தித்துப் பேசிக்கொள்வது அபூர்வம். நான்கு ஆண்டும் இப்படியே ஓடி, கையில் இரண்டு பாதிப் பட்டங்களோடு வெளியே வருபவர்கள் உண்டு. ஆனால் அதே படிப்பில் சிலர், மொழி மட்டும் படித்தவராலும் முடியாத, வரலாறு மட்டும் படித்தவராலும் முடியாத ஒரு வேலையைச் செய்யக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: ஸ்பானிஷில் எழுதப்பட்ட மூல ஆவணங்களை அவர்கள் தாங்களே படித்திருப்பார்கள். இரண்டு பாடமும் உண்மையில் சந்திப்பது அங்கேதான். பாடத்திட்டம் அந்தச் சந்திப்பைத் தானாக ஏற்படுத்தித் தராது, மாணவர்தான் திட்டமிட வேண்டும்.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். 1519-ல் எர்னான் கோர்த்தேஸ் என்ற ஸ்பானியப் படைத்தலைவர் மெக்சிகோ கரையில் இறங்கினார். பிறகு அஸ்டெக் தலைநகர் தெனொச்டிட்லானில் அஸ்டெக் அரசர் மொக்தெசுமாவைச் சந்தித்துப் பேசினார் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். எந்த மொழியில் பேசினார்கள்? கோர்த்தேஸ் ஸ்பானிஷ்காரர், மொக்தெசுமா பேசியது நஹுவாட்டல். நடுவில் இருவர் இருந்தார்கள். ஒருவர் ஹெரோனிமோ தே அகிலார். 1511-ல் கப்பல் உடைந்து யுகத்தான் கரையில் ஒதுங்கி, மாயா மக்களிடையே சில ஆண்டுகள் வாழ்ந்து அவர்கள் மொழியைக் கற்றவர். இன்னொருவர் மலின்ட்ஸின் என்ற இளம்பெண். ஸ்பானியர்கள் அவரை மரினா என்று அழைத்தார்கள். அடிமையாகக் கைமாறி வந்தவர், நஹுவாட்டலும் மாயாவும் இரண்டும் தெரிந்தவர். ஆக, கோர்த்தேஸ் சொல்வதை அகிலார் மாயாவில் சொல்ல, மலின்ட்ஸின் அதை நஹுவாட்டலில் சொல்ல வேண்டும். பதிலும் அதே வழியாகத் திரும்பி வரும். மலின்ட்ஸின் ஸ்பானிஷ் கற்றுக்கொண்ட பிறகுதான் அகிலாரின் தேவை குறைந்தது.

இப்போது, கோர்த்தேஸ் 1520 அக்டோபரில் மன்னர் ஐந்தாம் சார்லஸுக்கு எழுதிய இரண்டாவது கடிதத்தைத் திறந்து பாருங்கள். மொக்தெசுமா தன் நாட்டையே ஸ்பெயின் மன்னரிடம் ஒப்படைப்பதாக நீண்ட பேச்சு ஒன்று அதில், அப்படியே பேசியதுபோல, வருகிறது. வரலாற்று மாணவர் உடனே கேட்பார்: எழுதியவருக்கு என்ன தேவை? கியூபா ஆளுநரின் அதிகாரத்தை மீறிப் போனவர் கோர்த்தேஸ். அந்த ஆண்டு ஜூன் கடைசியில் தெனொச்டிட்லானிலிருந்து அடித்து விரட்டப்பட்டிருந்தார். "இந்த நாடு ஏற்கெனவே உங்களுடையது, நான் மீட்கத்தான் போகிறேன்" என்று மன்னரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. மொழி மாணவர் வேறொன்றைக் கவனிப்பார். நானும் உங்களைப் போலத் தசையும் எலும்பும் கொண்டவன்தான் என்று மொக்தெசுமா அதில் சொல்கிறார். அந்தத் தொனி பைபிளை அறிந்த காதுக்குப் பழக்கமானது. இரண்டு மொழிபெயர்ப்புகளைத் தாண்டி வந்த ஓர் அரசரின் பேச்சு, ஸ்பெயினின் கிறிஸ்தவ வாசகருக்கு ஏற்ற வடிவத்தில் எப்படி வந்து நின்றது? இந்தக் கேள்விக்கு இரண்டு படிப்பும் வேண்டும்.

அதன் மறுபக்கம் இன்னும் சுவாரசியமானது. பெர்னார்தினோ தே சாஹகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி, தலத்தெலொல்கோ கல்லூரியில் படித்த நஹுவா அறிஞர்களோடு சேர்ந்து பல பத்தாண்டுகள் உழைத்து 12 நூல்கள் கொண்ட ஒரு தொகுப்பை 1577 வாக்கில் முடித்தார். இன்று அது ஃபிளாரன்ஸ் நகர நூலகம் ஒன்றில் இருப்பதால் ஃபிளாரன்டைன் கோடெக்ஸ் என்கிறார்கள். பக்கத்தின் ஒரு பாதியில் நஹுவாட்டல், மறுபாதியில் ஸ்பானிஷ், இடையிடையே படங்கள். ஸ்பானிஷ் பகுதி நஹுவாட்டலின் நேர் மொழிபெயர்ப்பு என்று நினைத்துப் படித்தால் ஏமாறுவீர்கள். பல இடங்களில் அது சுருக்கிவிடுகிறது, சில இடங்களில் புதிதாகச் சேர்க்கிறது. சுருக்கியதால் காலியான இடத்தைப் பல பக்கங்களில் ஓவியங்கள் நிரப்புகின்றன. பன்னிரண்டாம் நூல் ஸ்பானியப் படையெடுப்பைப் பற்றியது. தோற்ற தரப்பின் நினைவு அங்கே இருக்கிறது, ஆனால் வென்றவர்களின் துறவி ஒருவரது கண்காணிப்பில் எழுதப்பட்டது. இந்தத் தொகுப்பு இணையத்தில் முழுவதும் படங்களாகக் கிடைக்கிறது. இரண்டாம் ஆண்டு மாணவர்கூட ஸ்பானிஷ் பகுதியில் கொஞ்சம் தட்டுத்தடுமாறிப் படித்துவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த மூலம் ஸ்பானிய இன்க்விசிஷனின், அதாவது கத்தோலிக்க மதத்துக்கு மாறானவர்களைத் தண்டித்த நீதிமன்றத்தின், விசாரணைப் பதிவுகள். 1478-ல் போப்பின் ஆணையோடு தொடங்கி 1834-ல் ஒரேயடியாக ஒழிக்கப்பட்ட அமைப்பு அது. நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர், சாட்சி சொல்வதை "அவர் சொன்னதாவது" என்று படர்க்கையில் மாற்றி எழுதிக்கொண்டே போவார். சித்திரவதையின்போது வந்த கதறலைக்கூட எழுதி வைத்தார்கள். கொஞ்சம் ஸ்பானிஷ் பழகியவருக்கு எழுத்தரின் வழக்கமான சட்ட நடை எங்கே முடிகிறது, சமையல்காரியோ செருப்புத் தைப்பவரோ பேசிய பேச்சு எங்கே எட்டிப் பார்க்கிறது என்பது தெரிய ஆரம்பிக்கும். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர்கள் 16-ஆம் நூற்றாண்டில் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று குறைவு. மொழிபெயர்ப்பில் படித்தால் இந்த வேறுபாடு முழுக்கப் போய்விடும், எல்லாம் ஒரே தட்டையான நடையில் வந்து நிற்கும்.

சரி, இப்போது ஸ்பானிஷ் தெரியாமல் தொடங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். தொடங்கலாம். பிரிட்டனில் இந்தச் சேர்க்கை 'ஜாயின்ட் ஆனர்ஸ்' என்ற பெயரில் வரும். பொதுவாக நான்கு ஆண்டு, மூன்றாம் ஆண்டு ஸ்பானிஷ் பேசும் நாட்டில் கழியும். அங்கே பல பல்கலைக்கழகங்களில் தொடக்கநிலை மாணவர்களுக்குத் தனி வழி உண்டு. முதல் ஆண்டில் மொழி வகுப்பு நேரம் அதிகமாக இருக்கும். வெளிநாட்டு ஆண்டு முடிந்து திரும்பும்போது பள்ளியிலேயே ஸ்பானிஷ் படித்து வந்தவர்களோடு ஒரே வகுப்பில் உட்காருவீர்கள். அமெரிக்காவில் இரண்டு துறையிலும் மேஜர் எடுக்கலாம், அல்லது ஒன்றை மேஜராகவும் மற்றதை மைனராகவும் வைத்துக்கொள்ளலாம். கலவையை நீங்களே செய்துகொள்ள வேண்டும். ஸ்பெயினிலேயே போய்ப் படிப்பதென்றால் 'கிராடோ' என்ற நான்காண்டுப் பட்டம், 240 கிரெடிட். வரலாறு தனிப் பட்டம், மொழியும் இலக்கியமும் தனிப் பட்டம். பெரும்பாலான வகுப்புகள் ஸ்பானிஷில் இருக்கும் என்பதால் மொழி கைக்கு வந்தபிறகுதான் அது சரிப்படும்.

தொடக்கநிலையில் சேர்பவர்கள் முதல் ஆண்டில் திணறுவது ஸ்பானிஷின் கடினத்தால் என்று சொல்ல மாட்டேன். உச்சரிப்பும் எழுத்தும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும் மொழி, எளிதில் பிடிபடும். திணறல் வருவது வேலைப்பளு மோதுவதால். வரலாற்றில் வாரக்கணக்கில் படித்து ஒரு கட்டுரை எழுதுவது பழக்கம். மொழியில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வேண்டும், ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் தெரிந்துவிடும். கட்டுரைக் கெடு வரும் வாரத்தில் மொழிப் பயிற்சியைத் தள்ளிப்போடுபவர்கள்தான் பெரும்பாலும் பின்தங்குகிறார்கள்.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மொழி வகுப்பில் கற்றுத்தரும் ஸ்பானிஷும் வரலாற்றுக்குத் தேவையான ஸ்பானிஷும் ஒன்றல்ல. ஓட்டலில் சாப்பாடு கேட்பது, செய்தித்தாள் படிப்பது, கருத்து சொல்வது எல்லாம் வகுப்பில் வந்துவிடும். வரலாற்று நூலைத் திறந்ததும் வேறு சில தொல்லைகள். ஸ்பானிஷ் வரலாற்றாசிரியர்கள் கடந்தகால நிகழ்ச்சியை எதிர்காலத்தில் சொல்வார்கள்: கொலம்பஸ் 1492-ல் புறப்பட்டார், 1506-ல் வல்லதோலித் நகரில் "இறப்பார்" என்பதுபோல. முதலில் குழம்பும், பிறகு பழகிவிடும். "ஃபுவேரா" போன்ற வடிவம் ஐயத்தையும் விருப்பத்தையும் காட்டும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். வரலாற்று நூலிலும் செய்தித்தாளிலும் அதே வடிவம் "முன்பு அமைச்சராக இருந்த" என்ற சாதாரணப் பொருளில் வரும். பழைய சட்டங்களில் "யாரேனும் செய்வாரேயானால்" என்பதற்கு எதிர்கால சப்ஜங்க்டிவ் என்று ஒன்று உண்டு. இன்றைய பேச்சில் செத்துப்போன வடிவம், அதனால் மொழி ஆசிரியர் அதைத் தொடமாட்டார். காலனியக் கால ஆணைகளில் பத்தி தவறாமல் வரும்.

அதற்கும் பின்னால் போனால் கையெழுத்தே படிக்க முடியாது. 16-ஆம் நூற்றாண்டு நீதிமன்ற எழுத்தர்களின் கையெழுத்துக்கு 'புரொசெசால்' என்று பெயர். பேனாவை எடுக்காமல் சொற்களைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போவார்கள். செர்வாந்தேஸின் நாவலில் நாயகன் தோன் கிஹோத்தே தன் காதலிக்கு எழுதிய கடிதத்தை நகலெடுக்கச் சொல்லிப் பணியாள் சாஞ்சோவிடம் கொடுக்கும்போது, எழுத்தர் யாரிடமும் கொடுத்துவிடாதே, அவர்கள் எழுதுவது சாத்தானுக்கே புரியாது என்று எச்சரிப்பார். 1605-ல் வெளியான நகைச்சுவை, ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இன்றும் சிரிப்பு வரும். இதோடு எழுத்துக்கூட்டலும் ஒழுங்கில்லை. இன்று ஜே எழுதும் பல இடங்களில் அன்று எக்ஸ் இருக்கும், யு-வும் வி-யும் இடம் மாறும், பாதிச் சொற்கள் சுருக்கக்குறிகளாக இருக்கும். பணக் கணக்கும் வேறு: ஒரு ரெயால் 34 மராவேதி, எட்டு ரெயால் கொண்ட பேசோ 272 மராவேதி, ஒரு துகாதோ 375 மராவேதி. தேதியும் ஒரு பொறி. ஸ்பெயினில் 1582 அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15, ஆனால் இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியிலேயே இருந்தது. 1588-ல் இங்கிலாந்தைத் தாக்கப் போன ஸ்பானியக் கப்பற்படையான ஆர்மடா பற்றி இரு நாட்டு ஆவணங்களையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கு பத்து நாள் இடைவெளி தலைவலி தரும்.

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பழைய கையெழுத்து வாசிப்பு, அதாவது பேலியோகிராஃபி, பயிற்சியால் வரும் திறமை. வாரம் ஒரு பக்கம் என்று ஓர் ஆண்டு படித்தால் கண் பழகிவிடும். இது வேண்டாம் என்றால் 19, 20-ஆம் நூற்றாண்டை எடுத்துக்கொள்ளுங்கள், அச்சும் தட்டச்சும்தான். 2005-ல் குவாத்தமாலா நகரில் பழைய போலீஸ் ஆவணக் குவியல் ஒன்று தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் காணாமல்போனவர்களைப் பற்றிய தடயங்கள் அதில் இருந்தன. சுமார் எட்டு கோடிப் பக்கங்கள் என்று மதிப்பிட்டார்கள். போலீஸ்காரர்கள் தட்டச்சு செய்த குறிப்புகளைப் படிக்க மூன்றாம் ஆண்டு ஸ்பானிஷ் போதும். படித்துப் புரிந்துகொள்ளத் தேவையான மனவலிமை வேறு விஷயம். அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை இருந்த ராணுவ ஆட்சி, சிலியில் 1973 செப்டம்பர் 11-ல் நடந்த கவிழ்ப்பு, இரண்டிலும் இதேபோல் மாணவர் கைக்கு எட்டும் சாட்சியங்கள் ஏராளம்.

வரலாறு மொழிக்குச் செய்யும் உதவி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அது தானாக நடக்கும். அர்ஜென்டினாவில் "நீ" என்பதற்கு "து" என்று சொல்லாமல் "வோஸ்" என்கிறார்களே ஏன் என்று மொழி மாணவர் கேட்பார். ஸ்பெயினில் "வோஸ்" வழக்கொழிந்தபோது, வைஸ்ராய் அரண்மனைகள் இருந்த மெக்சிகோவும் லிமாவும் அந்த மாற்றத்தைப் பின்பற்றின. தொலைவில் கிடந்த ரியோ தே லா பிளாத்தாவும் (இன்றைய அர்ஜென்டினாப் பகுதி) மத்திய அமெரிக்காவும் பழைய வழக்கையே வைத்துக்கொண்டன. பேரரசின் நிர்வாக வரைபடம் தெரிந்தால் இலக்கணமும் நினைவில் நிற்கிறது.

அப்புறம், எந்தப் பல்கலைக்கழகம் என்று பார்க்கும்போது விளம்பரப் புத்தகத்தை அதிகம் நம்ப வேண்டாம். பட்டத்தின் பெயர் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வரலாற்றுத்துறை ஆசிரியர் பட்டியலை எடுத்து, ஸ்பெயின் பற்றியோ லத்தீன் அமெரிக்கா பற்றியோ ஆய்வு செய்பவர் எத்தனை பேர் என்று பாருங்கள். ஒருவர்கூட இல்லாத துறைகள் உண்டு. அங்கே சேர்ந்தால் வரலாற்றுப் பாதி முழுவதும் உள்நாட்டு வரலாறும் உலகப் போர்களுமாக முடிந்துவிடும். ஒரே ஒருவர் இருந்தால், அவர் ஆய்வு விடுப்பில் போகும் ஆண்டு உங்கள் கடைசி ஆண்டாக இருந்தால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். மொழித்துறையிலும் இதே வேலை: அங்கே பெரும்பாலும் இலக்கியமும் சினிமாவும்தான் இருக்கும். 16, 17-ஆம் நூற்றாண்டுப் பொற்கால நாடகம் பற்றி ஒரு பேப்பர் இருந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். காப்பக ஆவணத்தின் மொழியும் அந்த நாடகத்தின் மொழியும் ஒரே காலத்தவை. மேடையில் கேட்டுப் பழகிய சொற்கள் வழக்கு மனுவில் வந்து நிற்கும்.

நேர்காணலிலோ, பல்கலைக்கழகத்தைப் பார்வையிட அழைக்கும் நாளிலோ துறையிடம் நேராகக் கேளுங்கள். கடைசி ஆண்டு ஆய்வேட்டை இரு துறைக்கும் பொதுவாக எழுதலாமா? அதற்கு வழிகாட்டி யார், மதிப்பெண் போடுவது யார்? வரலாற்று வகுப்பில் ஸ்பானிஷ் மூலங்களைப் படிக்கச் சொல்வார்களா, அல்லது எல்லாம் மொழிபெயர்ப்பா? கடைசிக் கேள்விக்கு "மாணவர்கள் விரும்பினால் படிக்கலாம்" என்று பதில் வந்தால், அங்கே யாரும் படிப்பதில்லை என்று அர்த்தம்.

வெளிநாட்டு ஆண்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதை வெறும் பேச்சுப் பயிற்சி என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். வழக்கமாக வழிகள் இரண்டு: அங்கே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிப்பது, அல்லது பள்ளியில் ஆங்கில உதவியாசிரியராக வேலை பார்ப்பது. உதவியாசிரியர் வேலையில் கொஞ்சம் பணம் வரும், ஆனால் நாள் முழுக்க ஆங்கிலம் பேசும் வேலை அது. வரலாற்றில் தீவிரமாக இருப்பவருக்குப் பல்கலைக்கழகமே மேல் என்பது என் கட்சி. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம்: பார்சிலோனாவில் பல வகுப்புகள் கட்டலானில் நடக்கும், சாந்தியாகோ தே கொம்போஸ்தேலாவில் கலீசியன் வரும். ஸ்பெயின் அரசியலமைப்பே 1978-ல் காஸ்திலியனை, அதாவது நாம் ஸ்பானிஷ் என்று சொல்லும் மொழியை, நாட்டின் ஆட்சிமொழியாகவும் மற்ற மொழிகளை அந்தந்தப் பகுதியில் இணை ஆட்சிமொழிகளாகவும் ஏற்றது. எடுக்கப்போகும் பேப்பர் எந்த மொழியில் என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கட்டலோனிய வரலாற்றில் ஆர்வம் இருந்தால் இதுவே வரம், இன்னொரு மொழியும் சேர்ந்து வரும்.

காப்பகத்தை மனதில் வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். அமெரிக்கக் காலனிகள் என்றால் செவியா. ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் 1785-ல் அங்கே இந்தியாஸ் பொதுக் காப்பகத்தை நிறுவினார். இங்கே 'இந்தியாஸ்' என்பது ஸ்பெயினின் அமெரிக்க, பிலிப்பைன் ஆட்சிப்பகுதிகள். சுமார் 43,000 கட்டுகள் உள்ளன, பக்கங்கள் எட்டு கோடி என்கிறார்கள், குவாத்தமாலாவின் அதே எண்தான். பேரரசின் தலைமைச் செயலகக் கடிதங்கள் வேண்டுமென்றால் வல்லதோலித் பக்கத்தில் சிமான்காஸ் கோட்டை. ஐந்தாம் சார்லஸ் காலத்திலிருந்து அங்கே ஆவணங்கள் சேர்ந்து வந்தன. ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் என்றால் சலமான்கா. மெக்சிகோ போகிறவர்களுக்கு தேசியக் காப்பகம் லெகும்பேரி என்ற பழைய சிறைக் கட்டடத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் அரசியல் கைதிகள் கிடந்த இடத்தில் இன்று அரசாங்க ஆவணங்கள் கிடக்கின்றன. எங்குமே போக முடியாவிட்டாலும் பாதகமில்லை. ஸ்பெயின் அரசு காப்பகங்களின் 'பாரெஸ்' தளத்தில் லட்சக்கணக்கான பக்கங்கள் படமாக, இலவசமாக உள்ளன. மாத்ரித் தேசிய நூலகத்தின் 'ஹெமெரோத்தேகா' தளத்தில் பழைய செய்தித்தாள்களும் அப்படியே.

ஆய்வேட்டுத் தலைப்பு பற்றி என் எண்ணம் இது. பெரும்பாலான மாணவர்கள் 1936 முதல் 1939 வரையிலான உள்நாட்டுப் போரையே எடுக்கிறார்கள். குறை சொல்லவில்லை, நல்ல தலைப்பு. ஆனால் ஆங்கிலத்திலேயே அதைப் பற்றி ஒரு நூலகம் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஸ்பானிஷ் இல்லாமலே நல்ல ஆய்வேடு எழுதிவிடலாம் என்றால் உங்கள் மொழியறிவால் என்ன பயன்? அந்தப் போரே வேண்டும் என்றால் ஒரு சிறு நகரத்தின் உள்ளூர்ப் பத்திரிகையையோ ஒரு தொழிற்சங்கத்தின் வெளியீட்டையோ எடுங்கள். இன்னும் நல்லது, போருக்குப் பிந்தைய நினைவு. போரில் வென்று சர்வாதிகாரியாக ஆண்ட பிராங்கோ 1975 நவம்பர் 20-ல் இறந்தார். 1977-ல் பொது மன்னிப்புச் சட்டம் வந்தது, விசாரணைகளுக்கு அது தடையாக நின்றது. 2007-லும் 2022-லும் நினைவுச் சட்டங்கள் வந்தன. 2019-ல் பிராங்கோவின் உடலை வாய்யே தே லோஸ் காயிதோஸ் கல்லறையிலிருந்து எடுத்து வேறிடத்தில் புதைத்தார்கள். இந்த நீண்ட விவாதம் பாராளுமன்றப் பதிவுகளிலும் நாளிதழ்களிலும் ஸ்பானிஷில் கொட்டிக்கிடக்கிறது. அதில் பெரும்பகுதி மொழிபெயர்க்கப்படவில்லை.

வேறு வகை வேண்டும் என்றால் 1812 காதிஸ் அரசியலமைப்பு. நெப்போலியன் படை ஸ்பெயினைப் பிடித்திருந்த நேரத்தில், முற்றுகையில் இருந்த துறைமுக நகரில் உட்கார்ந்து எழுதியது. அதன் முதல் பிரிவே ஸ்பானிய தேசம் என்பது "இரு அரைக்கோளங்களிலும்" உள்ள எல்லா ஸ்பானியர்களின் கூட்டு என்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த பிரதிநிதிகளும் அந்த அவையில் இருந்தார்கள். 1824-ல் அயகுச்சோ போரோடு தென்னமெரிக்காவில் ஸ்பானிய ஆட்சி முடிந்துபோனது. பன்னிரண்டே ஆண்டில் அந்தக் 'கூட்டு' எப்படி உடைந்தது என்பதை அவை விவாதங்களை நேராகப் படித்துப் பார்க்கலாம், அச்சில் இருக்கிறது, கையெழுத்துத் தொல்லையும் இல்லை.

இடைக்காலம்தான் வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 13-ஆம் நூற்றாண்டில் காஸ்திலிய மன்னர் பத்தாம் அல்போன்சோ அரசு ஆவணங்களையும் வரலாற்று நூல்களையும் காஸ்திலியனில் எழுதச் செய்தார். அதற்கு முன்னே போனால் லத்தீன் இல்லாமல் நகர முடியாது, அல்-அந்தலுஸ், அதாவது முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயின், பக்கம் போனால் அரபு வேண்டும். மூன்றாவது மொழிக்கு நேரம் ஒதுக்க முடியுமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வேலை விஷயம். பட்டத்தின் பெயரைப் பார்த்து யாரும் வேலை தரப் போவதில்லை என்பதைப் பூசிமெழுகாமல் சொல்லிவிடுகிறேன். முடித்தவர்கள் போவது ஆசிரியர் வேலை, மொழிபெயர்ப்பு, பத்திரிகை, அருங்காட்சியகம், காப்பகம், வெளியுறவுப் பணி, சட்டப் படிப்பு, சர்வதேச அமைப்புகள். ஸ்பானிஷ் ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு ஆட்சிமொழிகளில் ஒன்று, 20 நாடுகளின் ஆட்சிமொழி. கோஸ்தா ரிக்காவின் சான் ஹோசேயில் 1979 முதல் இயங்கும் அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை நீதிமன்றத்தின் வழக்குகளில், பழைய போலீஸ் கோப்பைப் படித்து இது என்ன, யார் எழுதியது, எவ்வளவு நம்பலாம் என்று சொல்லக்கூடிய ஆட்கள் தேவைப்படுகிறார்கள். அது இந்தப் படிப்பு தரும் திறமைதான். மொழி அளவுக்குச் சான்று வேண்டுமென்றால் செர்வாந்தேஸ் நிறுவனத்தின் 'தெலே' தேர்வு எழுதி சி1 என்ற உயர்நிலைச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழில் "ஸ்பானிஷ்" என்று இருப்பதைவிட அது தெளிவாகப் பேசும். மேற்படிப்பும் ஆராய்ச்சியும் போக விரும்பினால் இந்தச் சேர்க்கை தனி வரலாற்றுப் பட்டத்தைவிட ஒரு படி மேலே நிறுத்தும். முதுகலையில் சேரும் ஆய்வாளர்கள் பலர் மொழியைக் கற்பதிலேயே முதல் ஆண்டைச் செலவழிக்கிறார்கள்.

யாருக்கு இது சரிப்படாது என்றும் சொல்ல வேண்டும். ஸ்பானிஷ் பேசும் உலகத்தின் வரலாற்றில் ஆர்வமில்லை, ரோமானியப் பேரரசோ ரஷ்யப் புரட்சியோதான் உயிர் என்றால் தனி வரலாற்றுப் பட்டம் எடுத்து, மொழியைத் துணைப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பேசவும் ஊர் சுற்றவும் மட்டுமே மொழி வேண்டும் என்பவருக்கும் இது அதிகப்படியான சுமை.

சேருவதற்கு முன் சில மாதம் இருக்கிறது என்றால் இரண்டு வேலை செய்யலாம். தினமும் அரைமணி நேரம் அடிப்படை ஸ்பானிஷ், எந்தப் புத்தகமானாலும் சரி. அதோடு, கோர்த்தேஸின் இரண்டாம் கடிதத்தை மொழிபெயர்ப்பில் ஒருமுறை முழுதும் படித்துவிட்டு, மொக்தெசுமா பேசும் அந்தப் பகுதியை மட்டும் ஸ்பானிஷ் மூலத்தில், அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு வரி ஒரு வரியாகப் பாருங்கள். இணையத்தில் இரண்டும் கிடைக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. அந்த வாரம் எரிச்சலாகப் போனதா, விறுவிறுப்பாகப் போனதா என்று பார்த்துக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.